பொன்னின் மேல் பொறித்த எண்

பொங்கல் கழிந்து தவக்காலம் பிறப்பதற்கு முன்னுள்ள சில வாரங்களே நம் சிற்றூர்களில் திருமணங்கள் மிகுதியாக நடைபெறும் காலம். பங்குக் கோவிலில் முதல் ஓலை வாசிக்கப்பட்டதும் பெண்ணைப் பெற்றோரின் எண்ணமெல்லாம் நகையையே சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. கரிக்கலாம்பாக்கத்திலிருந்தும், வில்லியனூர், வாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்தும் காலைப் பேருந்தில் புதுவை நகருக்குச் செல்லும் குடும்பங்களை அந்நாட்களில் காணலாம். தாயாரின் மடியில் ஒரு துணிப்பை. அதனுள் ஒரு சுருக்குப்பை. அதனுள் மாமியார் அணிந்திருந்த அட்டிகை, அறுந்துபோன சங்கிலி, துணையிழந்த ஒற்றைத் தோடு. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கி வர வேண்டும். மாலையில் அவர்கள் வீடு திரும்பும்போது கையில் பட்டுத் துணி பதித்த பெட்டி ஒன்றும், எவரும் படித்துப் பாராத ரசீது ஒன்றும் இருக்கும்.

அந்த ரசீதையும், நகையின் உட்புறத்தில் எறும்பின் கண்ணளவாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளையும் எவ்வாறு படிப்பது என்பதைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். இது செல்வர்களுக்குரிய ஆராய்ச்சி அன்று. நிலபுலன் உள்ளவருக்கு நிலம் துணை நிற்கும். மாதச் சம்பளம் பெறுவோருக்கு வைப்பு நிதி துணை நிற்கும். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்று நாட்கூலி பெறும் குடும்பத்துக்கோ, பெட்டியில் உள்ள நான்கைந்து பவுனே வங்கிக் கணக்கு. அதுவே மருத்துவச் செலவு. அதுவே மகனின் கல்லூரிக் கட்டணம். அப்பொன்னில் பத்தில் ஒரு பங்கு பொன்னே அல்ல என்று ஒரு நாள் தெரியவருமானால், பத்தாண்டு உழைப்பில் ஓராண்டு உழைப்பு காற்றோடு போயிற்று என்பதே பொருள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கலப்பில்லாத பொன் மிகவும் மென்மையானது. அதில் செய்த வளையல் கையில் வளையும். மோதிரத்தில் பதித்த கல் நில்லாது. ஆகவே செம்பும் வெள்ளியும் சிறிதளவு சேர்த்து அதனை உறுதிப்படுத்துகிறார்கள். மொத்தத்தை 24 பங்காகக் கொண்டு, அதில் எத்தனை பங்கு பொன் என்று கூறுவதே காரட் என்னும் அளவு. 22 பங்கு பொன்னும் 2 பங்கு பிற உலோகமும் சேர்ந்தது 22 காரட். 22ஐ 24ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916 என வரும். ஊரெங்கும் பேசப்படும் 916 என்பது இதுவேயன்றி வேறு மந்திரம் ஒன்றுமில்லை. ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பதே அதன் பொருள். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனில் 7 கிராம் 328 மில்லிகிராம் பொன் இருக்கும். எஞ்சியது செம்பும் வெள்ளியும்.

பவுன் என்ற சொல்லே பவுண்டு என்பதன் திரிபு. 1817 முதல் இங்கிலாந்தில் அச்சிடப்பட்டு வந்த சாவரின் என்னும் தங்க நாணயம் 22 காரட் தரமும் 7.988 கிராம் எடையும் உடையது. அந்த நாணயத்தின் எடையே நம் நாட்டில் எட்டுக் கிராம் என முழுமையாக்கப்பட்டு நகையின் அளவாயிற்று. பாட்டிமார் அணிந்த காசுமாலைகளில் அந்நாணயங்களையே கோத்திருந்த குடும்பங்களும் உண்டு. நாணயத்தின் எடையும் தரமும் அரசால் உறுதி செய்யப்பட்டவையாதலால் அதனைப் பற்றி ஐயம் எழவில்லை. நகைக்கு அத்தகைய உறுதி கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் தமிழர் பொன்னின் தரத்தை அளந்தறியாதவர் அல்லர். காரட் என்ற சொல் இங்கு வருமுன்னரே 'மாற்று' என்ற அளவு நம்மிடம் இருந்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நல்ல மனிதரைப் புகழும்போது நாம் அந்தப் பழைய அளவையே வாயால் எடுத்தாளுகிறோம். தரம் தெரிந்த ஆணிகளை வைத்துக்கொண்டு, நகையை உரைகல்லில் ஒரு கோடும் ஆணியை அதனருகே மற்றொரு கோடும் இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு மாற்றுரைப்பது பத்தர்களின் வழக்கம். ஆணிப்பொன் என்ற சொல் உயர்தரப் பொன்னைக் குறிப்பது அனைவரும் அறிந்ததே. தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோவிலுக்கு அளிக்கப்பட்ட பொன் அணிகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடையிட்டுக் கூறுவதோடு நில்லாமல், 'தண்டவாணி' என்ற தர அளவோடு ஒப்பிட்டு, அதற்கு மேற்பட்டது, தாழ்ந்தது என்று தரத்தையும் பொறித்து வைத்திருக்கின்றன. எடை மட்டும் சொன்னால் போதாது, தரமும் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதியவர்களின் வழிவந்த நாம், இன்று எடையை மட்டும் கேட்டு மன நிறைவு அடைந்துவிடுகிறோம்.

ஹால்மார்க் என்ற சொல் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர், தரம் சோதிக்கப்பட்ட பொருளுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டுமென்று சட்டம் இயற்றினார். பின்னர் 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் மன்றத்துக்கே பொருள்களைக் கொண்டுவந்து முத்திரை பெறும் முறை ஏற்பட்டது. மன்றத்தில், அதாவது 'ஹால்' என்னும் மாளிகையில் இடப்பட்ட 'மார்க்' ஆதலால் அது ஹால்மார்க் ஆயிற்று.

நம் நாட்டில் அரசு பொன்னின் தரத்தில் முதன்முதலாகத் தலையிட்டபோது அது மக்களுக்கு நன்மையாக அமையவில்லை. சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகையைச் செய்யலாகாது என்றனர். 22 காரட்டையே பொன்னென்று கருதி வந்த மக்கள் அந்த வெளுத்த நகையை ஏற்கவில்லை. நாடெங்கும் பத்தர்கள் தொழிலிழந்து வறுமையில் வாடினர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966இல் 14 காரட் கட்டாயம் நீக்கப்பட்டது. 1968இல் தனிச்சட்டமாக வந்த கட்டுப்பாடு 1990இல் முற்றிலும் ஒழிந்தது. கிராமத்துப் பத்தர் குடும்பங்கள் பலவற்றில் அடுத்த தலைமுறை பட்டறையில் உட்காராமற்போனதற்கு அந்த ஆண்டுகளும் ஒரு காரணம் எனலாம். எந்தத் தரத்தில் நகை செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவது வேறு. செய்த நகையின் தரத்தை மறைக்காமல் எழுது என்பது வேறு. பின்னதே நேர்மையான வழி.

அந்தப் பின்னைய வழி 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நகைகளுக்கு ஹால்மார்க் இடும் திட்டத்தை அவ்வாண்டு ஏற்படுத்தியது. விரும்பும் கடைக்காரர் சேரலாம் என்ற அளவில்தான் அது இருபதாண்டுகளுக்கும் மேலாக இருந்து வந்தது. 2021 ஜூன் 16 முதல், சோதனை மையம் உள்ள 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் படிப்படியாக மேலும் பல மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல், கட்டாயம் நடப்பில் உள்ள இடங்களில், ஆறிலக்க அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கலாகாது.

இன்று புதிதாக வாங்கும் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும். முதலாவது, அமைவனத்தின் முக்கோண முத்திரை. இரண்டாவது, தரம்: 22 என்ற எண், அதனையடுத்து ஆங்கிலக் 'கே' எழுத்து, அதனையடுத்து 916. இவ்வாறே 18 காரட்டுக்கு 750, 14 காரட்டுக்கு 585, 20 காரட்டுக்கு 833, 23க்கு 958, 24க்கு 995 என்று வரும். 2025 ஜூலையில் 9 காரட்டும் 375 என்ற எண்ணுடன் இவ்வரிசையில் சேர்ந்தது. ஒரு காலத்தில் சட்டத்தின் கட்டாயமாக வந்து மக்களால் வெறுக்கப்பட்ட 14 காரட், இப்போது விலையேற்றத்தின் கட்டாயத்தால் தானாகவே கடைக் கண்ணாடிக்குள் வந்து அமர்ந்திருப்பது வியப்பான செய்தி. அதை வாங்குவது தவறன்று. அது 14 காரட் என்று அறிந்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்க வேண்டும்; அவ்வளவே.

மூன்றாவது குறியே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு இலக்கக் குறி, எச்.யு.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்குவது. 2021 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு நகைக்கும் ஒரு தனிக் குறி. ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு வராது. அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு இக்குறியை இட்டால், நகைக்கடையின் பெயர், சோதித்த மையத்தின் பெயர், நகை இன்னதென்ற விவரம், தரம், முத்திரையிட்ட நாள் ஆகியவை தெரியவரும். பெற்றோருக்குக் கைப்பேசியில் பழக்கம் இல்லையெனில் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். அரை நிமிட வேலை. கையில் இருப்பது சங்கிலியாக இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அக்குறி வேறொரு நகையிலிருந்து களவாடப்பட்டது என்று அறியலாம். முத்திரையையும் 916ஐயும் எவரும் போலியாகக் குத்திவிடலாம். செயலி காட்டும் விவரத்தைக் கடைக்காரர் மாற்ற இயலாது. எழுத்து பொடியாயிருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய ஹால்மார்க் நகை உள்ளவர்கள் கவலை கொள்ள வேண்டா. தொடக்க காலத்து நகைகளில் முத்திரை, தரம், சோதனை மையத்தின் குறி, ஆண்டைக் காட்டும் ஆங்கில எழுத்து, கடையின் குறி என ஐந்து இருக்கும். ஆண்டெழுத்தில் 'ஏ' என்பது 2000ஐக் குறிக்கும். 2017இல் ஆண்டெழுத்து நீங்கி நான்காயிற்று. அவையும் செல்லுபடியாகும் குறிகளே.

மையத்தில் எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதையும் சிறிது கூறுவோம். முதலில் ஊடுகதிர்க் கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள், நகைக்குச் சேதமில்லை, ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முடிவான சோதனை நெருப்பின் சோதனையே. நகைத் தொகுதியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, ஏறத்தாழ 1100 பாகை வெப்பமுள்ள உலையில் சிறு கிண்ணத்தில் வைப்பார்கள். ஈயம் உருகிக் காற்றோடு கலந்து, செம்பு போன்ற மட்ட உலோகங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். எஞ்சிய மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துபோகும். மிஞ்சி நிற்பது பொன். முன் எடைக்கும் பின் எடைக்கும் உள்ள விகிதமே தரம். விவிலியம் வாசிப்போருக்கு இது புதிதன்று. எரேமியா இறைவாக்கினர் துருத்தியையும் நெருப்பையும் ஈயத்தையும் எடுத்துக்காட்டித் தம் மக்களின் தீமை நீங்காமையை நொந்து பேசும் ஆறாம் அதிகாரத்தில், வெள்ளியைப் புடமிடும் இதே பட்டறைதான் காட்சி தருகிறது. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளாகியும் இதைவிட நம்பத்தக்க வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

இவ்வளவு வேலைக்கும் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் அதன்மேல் வரியும் என 2022இல் நிர்ணயிக்கப்பட்டது. நகை இரண்டு பவுனானாலும் பத்துப் பவுனானாலும் கட்டணம் ஒன்றே. ஹால்மார்க் செலவு என்று பவுன் கணக்கில் பணம் கேட்கும் கடை உண்மை பேசவில்லை என்று துணிந்து கூறலாம்.

இனி, குறி போலத் தோன்றியும் குறியல்லாதவை சில உண்டு. கே.டி.எம். என்ற எழுத்துகளை நம் தாய்மார்கள் பலர் தர முத்திரை என்றே நம்பி வந்திருக்கிறார்கள். அது காட்மியம் என்ற உலோகத்தைக் குறிக்கும் சொல். நகையின் துண்டுகளை ஒட்ட வைக்க முன்னாளில் செம்பும் வெள்ளியும் மிகுந்த பற்றாசு பயன்பட்டது. அது நகையோடு கலந்துவிடுவதால், உருக்கிப் பார்க்கும்போது 22 காரட் நகை 22 காரட்டாக இராது. பத்தர் திருடினார் என்று பழி சொல்லப்பட்ட இடங்கள் பலவற்றில் உண்மையில் குறைத்தது பற்றாசே. இதனை அவர்கள் பொருட்டு நாம் சொல்லியே ஆக வேண்டும். காட்மியம் கலந்த பற்றாசில் 92 விழுக்காடு பொன்னே இருக்கலாமாதலால் அக்குறை நீங்கிற்று. ஆனால் காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகிவிடும். பொன் உருகுவதோ 1064 பாகையில். ஊதுகுழல் பிடித்துக் குனிந்திருப்பவர் அந்த நச்சு ஆவியை நாள்தோறும் மூச்சில் இழுத்தார். நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டன. அமைவனம் காட்மியத்தை அனுமதிப்பதில்லை. ஆகவே கே.டி.எம். என்ற சொல்லைப் பெருமையாகக் கூறும் கடையை விட்டு விலகுவது நமக்கு மட்டுமன்றி உழைப்பவருக்கும் நன்மை. முக்கோண முத்திரையின்றி வெறும் 916 என்று மட்டும் குத்தியிருப்பதும் கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு மேற்பட்டதன்று.

புதுவை மக்களுக்கே உரிய மற்றொரு குறியும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்கள் நம் கொம்யூன்களில் பலர். அவர்களுடைய குடும்பப் பெட்டிகளில் பிரான்சிலிருந்து வந்த சங்கிலியோ சிலுவைப் பதக்கமோ இருந்தால், கொக்கியின் அருகே கழுகின் தலை ஒன்று மிக நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1838 முதல் பிரெஞ்சு அரசு 18 காரட் பொன்னுக்கு இட்டுவரும் முத்திரை அது. குறியில்லாத நகை என்று சொல்லி எவரேனும் அதைக் குறைத்து மதிப்பிட்டால் ஏமாறலாகாது. அது ஆயிரத்தில் 750 என்று ஓர் அரசு உறுதி கூறிய பொன். அவ்வாறே அது 22 காரட் என்று நினைத்து மகிழ்வதும் வீண். பிரான்சின் பழைய 20 பிராங்குத் தங்கக் காசு இருக்குமானால் அதன் தரம் 900. எடை ஏறத்தாழ ஆறரைக் கிராம்.

சட்டம் எட்டாத இடங்கள் நம் கிராமங்களில்தான் மிகுதி. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயம் இல்லை; ஆக, குழந்தையின் காதணியும் மூக்குத்தியும் பெரும்பாலும் குறியின்றியே வரும். ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரம் உள்ளவருக்கும் விலக்கு உண்டு. ஆக, ஊர்ப் பத்தர் செய்து தரும் தாலிக்கும் குறி இராது. பரம்பரையாக வந்த நகைக்கும் இராது. குறியில்லாமையால் அது மட்டம் என்று பொருளல்ல. தலைமுறை தலைமுறையாக நாணயமாகத் தொழில் செய்த பத்தர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் "கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்று அவர் நல்ல மனத்தோடு சொன்ன சொல்லை, அவருக்குப் பின் முப்பது ஆண்டு கழித்து நகரத்துக் கடையின் தராசு ஏற்றுக்கொள்வதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பவுன் பழைய சங்கிலி, 40 கிராம். 22 காரட் என்றே வீட்டில் அனைவரும் நம்பியிருந்தது, சோதித்தபோது 20 காரட் என்று வந்தது. அதிலுள்ள பொன் 36.64 கிராமுக்குப் பதிலாக 33.32 கிராமே. 22 காரட் கணக்கில் அது 36.38 கிராமுக்குச் சமம். 3.62 கிராம், அதாவது அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவாக இல்லாமற்போயிற்று. தாயார் மனம் உடைகிறார். இறந்துபோன பத்தரைச் சபிக்கிறார். இதே 40 கிராமில் ஹால்மார்க் இட்ட புதிய சங்கிலியை வாங்குகிறார். குறி மூன்றும் சரியாக உள்ளன. ரசீதில் சேதாரம் 12 விழுக்காடு என்று ஒரு வரி இருக்கிறது. 12 விழுக்காடு என்றால் 4.8 கிராம். 44.8 கிராமுக்கு விலை கொடுத்து 40 கிராம் பெற்று வருகிறார். அதன்மேல் மூன்று விழுக்காடு வரி. அந்த 4.8 கிராம் என்றும் திரும்ப வராது. விற்கச் சென்றால் எந்தக் கடையும் சேதாரத்தைத் திருப்பித் தராது.

இங்கே வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். பழைய நகையின் தரக் குறைவால் இழந்தது 3.62 கிராம், தூய்மை முத்திரை பெற்ற புதிய நகையின் சேதாரத்தால் இழந்தது 4.8 கிராம். முன்னதை மோசடி என்கிறோம். பின்னதைச் சிரித்த முகத்தோடு குளிர்பானம் அருந்திக்கொண்டே கொடுத்துவிட்டு வருகிறோம். இரண்டும் சேர்ந்து 8.42 கிராம், ஒரு பவுனுக்கு மேல். ஹால்மார்க் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை கூறுகிறது: இவ்வுலோகத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு பொன்? எடை சரிதானா, கல்லின் எடையைப் பொன்னின் விலைக்கு விற்றார்களா, சேதாரம் நியாயமானதா என்ற கேள்விகளுக்கு அது வாய் திறவாது. அவற்றை நாமே கேட்க வேண்டும். சேதாரத்துக்கு அரசு நிர்ணயித்த அளவு ஏதும் இல்லை; கடைக்குக் கடை வேறுபடும்; பேசிக் குறைக்கலாம். நுண்ணிய வேலைப்பாடு உள்ள நகைக்குக் கூடுதலாகக் கேட்பது இயல்பு. இயந்திரத்தில் இழுத்த சாதாரணச் சங்கிலிக்கு அவ்வளவு கேட்டால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

பழைய நகையை மாற்றச் செல்வதற்கு முன்னரே அதன் தரத்தை அறிந்துகொள்வது நல்லது. அமைவனத்தின் ஏற்புப் பெற்ற சோதனை மையத்துக்குப் பொதுமக்கள் தாமே நகையைக் கொண்டுசென்று சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகை வரை 200 ரூபாய். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகைக்கு 45 ரூபாய் என்பது 2022இல் அறிவித்த கட்டணம். அறிக்கை கையில் இருந்தால் கடையில் பேசும் தொனியே வேறாக இருக்கும். அவ்வாறின்றிக் கடையிலேயே உருக்கிப் பார்ப்பதாயின், உருக்குமுன் ஒரு முறையும் உருக்கிய பின் ஒரு முறையும் உங்கள் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். உருக்கியபின் வேண்டாம் என்று திரும்புவதற்கு எவருக்கும் மனம் வராது என்பதைக் கடைக்காரர் அறிவார்.

அடகு வைக்கும்போதும் இத்தரமே பேசுகிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி நகைக் கடனுக்குப் பொன்னை அதன் உண்மையான தரத்துக்குரிய விலையில் மதிப்பிட வேண்டும். தரம் குறைந்தால் மதிப்பும் குறையும். 40 கிராம் 18 காரட் நகையில் உள்ள பொன், 22 காரட் கணக்கில் 32.7 கிராமுக்கே சமம். பதித்த கற்களுக்கு மதிப்பில்லை. மகளின் கட்டணம் செலுத்தக் கடைசி நாளில் வங்கி வாசலில் இதனை அறிந்து திகைப்பதைவிட, முன்னரே அறிந்திருப்பது மேல்.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. தரம் குறைந்த நகை நம் வீடுகளில் நுழைவதற்குக் கடைக்காரர் மட்டும் காரணம் அல்லர். இத்தனை பவுன் போட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் எண்ணிக்கை சொல்கிறார்கள். கையில் உள்ள பணத்துக்கு அத்தனை பவுன் 22 காரட்டில் வாராது. எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய தகப்பனார் குறியில்லாத மலிவு நகையை, அறிந்தோ அறியாமலோ வாங்குகிறார். திருமணம் முடிந்து சில மாதங்களில் அந்த நகை உரைகல்லுக்குப் போகிறது. அன்று முதல் பேச்சைக் கேட்பவள் அந்தப் பெண். வரதட்சிணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். ஓலை வாசிக்கப்படும் கோவிலில் மணமக்களுக்குத் தடை உண்டா என்று கேட்கிறார்கள். பவுன் எண்ணிக்கையைத் தடையாக எவரும் எழுந்து சொல்வதில்லை.

வாங்கிய நகையின் தரம் குறைவென்று பின்னர் ஐயம் எழுந்தால் வழி என்ன? மேற்சொன்ன மையத்தில் சோதித்து அறிக்கை பெற வேண்டும். முத்திரையிட்ட தரத்துக்குக் குறைந்திருந்தால், குறைந்த பொன்னின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு அமைவன விதிகள் கூறுகின்றன. 40 கிராம் நகையில் 916க்குப் பதில் 900 இருந்தால் குறைவு 0.64 கிராம், இழப்பீடு 1.28 கிராமின் விலை. கடை மறுத்தால் அமைவனத்திடம் செயலி வழியே புகார் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். நகையின் பெயர், நிகர எடை, காரட் தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் கிறுக்கித் தந்தால் ஏற்காதீர்கள். வரி மிச்சம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவது அவர் தப்பிக்கத்தான். ரசீதின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஆகவே ஞானஸ்நானச் சான்றும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் அதே பெட்டியில் ஒரு குறிப்பேட்டை வைத்து, நகையின் பெயர், எடை, தரம், ஆறிலக்கக் குறி, கடை, நாள் என்று கையால் எழுதி வையுங்கள். குறியில்லாத பழைய நகைகளுக்குச் சோதனை அறிக்கையை அதன் நடுவே மடித்து வைக்கலாம்.